சக்கரை போடாத பிஸ்கெட்

என் வீட்டுக்காரருக்கு வலது கால் கட்டைவிரலில் புண். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். செருப்பு கடித்து வந்த சின்னப் புண்தான், மாதக்கணக்கில் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சக்கரை இறங்கலன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். "அப்புறம் பிரேக்கை எத வெச்சு சார் மிதிக்கிறது?" என்று இவர் கேட்டார். டாக்டர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து இவர் வாய்க்குள் போகிற எதையும் நான் நம்பவில்லை.

டிரெய்லர் ஓட்டுகிறவர்களின் பிழைப்பு எப்படி என்று எனக்குத் தெரியும். துறைமுக கேட்டுக்கு வெளியே வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக எண்ணூர் ரோடு வரைக்கும் நிற்கும். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இறங்கிப் போகவும் முடியாது. டீக்காரர் வண்டிக்கே வந்து டீயும் பன்னும் கொடுப்பார். அந்த டீயில் பாதி சக்கரைதான்.

"சக்கர இல்லாத டீதான்மே குடிக்கிறேன்" என்றார் இவர்.

சட்டையைத் துவைக்கும்போது பாக்கெட்டைத் திருப்பி, பன் தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தட்டிவிட்டுத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வரிசையில் உட்காரவும் முடியாது, கை நடுங்கும். கையோடு எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் காலேஜில் படிக்கிற என் மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எம்மா, நைனாவுக்கு ஓட்ஸ் குக்கீஸ் செய்லாம். சக்கரையே கெடையாது. பழம்தான்."

"குக்கீஸ்னா இன்னா?"

"பிஸ்கெட்டுதான்."

"அப்ப பிஸ்கெட்டுன்னே சொல்லு."

போனில் ஒருத்தி வெள்ளைவெளேரென்று ஒரு சமையல்கட்டில் நின்று சிரித்துச் சிரித்து மாவு பிசைந்தாள். ஆரோக்கியம், ஆரோக்கியம் என்று வாய் ஓயாமல் சொன்னாள். சிரிக்கிறவளை நான் நம்புவதில்லை. மாவு பிசையும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? அதோடு ஒரு கிண்ணம் நிறையப் பேரீச்சம்பழம் வேறு கொட்டினாள்.

"அது மட்டும் சக்கர இல்லையா?" என்றேன்.

"அது இயற்கை சக்கரைம்மா."

"புண்ணுக்கு அது தெரியுமா?"

கட்டு மாற்றுகிற நர்ஸிடம் போய்க் கேட்டேன். பேரீச்சம்பழம் வேண்டாம், ஆப்பிளைத் துருவிப் போடுங்கள், காய்ந்த திராட்சை நாலஞ்சு போனால் பரவாயில்லை, அதையும் ஒரு வேளைக்கு ஒன்று இரண்டு பிஸ்கெட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றார். அந்த நர்ஸை மட்டும் கொஞ்சம் நம்பினேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி மாடியில் காயப்போட்டாள், காய்ந்தால் கெடாதாம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மேலே கறுப்பாக ஒரு படலம். விரலால் தடவினால் மை மாதிரி ஒட்டியது. எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலோ, துறைமுக ரோட்டு லாரிப் புகையோ, யார் கண்டது? எங்கள் மாடியில் வெள்ளைத் துணி காய்ந்தால் வெள்ளையாகவா கீழே வருகிறது?

"இதான் உன் ஆரோக்கியமா?" என்று அவளிடம் காட்டினேன். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன்.

பிறகு காயவைக்காத ஆப்பிளையே துருவினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். மகள் ஓட்ஸை வறுத்துப் பாதியை அரைத்தாள். நான் பட்டையை இடித்தேன். இவர் புண்காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு ஆப்பிளைத் துருவினார். ஒரு முட்டை, கொஞ்சம் வெண்ணெய், எண்ணிப் போட்ட திராட்சை. பிசைந்து வட்டமாகத் தட்டினோம்.

"இன்னாமே இது, கோழித் தீவனம் மாதிரி கீது" என்றார் இவர்.

"கோழி காலு நல்லாத்தான் கீது. உன் காலப் பாரு."

மகள் சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார். அந்த ஒரு நாள் வீட்டில் சந்தேகம் இல்லாமல் இருந்தது என்று எழுதலாம். ஆனால் அவர் துருவும்போதே ஆப்பிளை வாயில் போட்டுக்கொள்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பக்கத்து வீடுகளிலும் இல்லை. பக்கத்தில் கல்மண்டபம் ஏரியாவில் ஒரு பாய் நடத்தும் பழைய பேக்கரியில் விறகு அடுப்பு இருக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் தெருவே கேக் மாவைத் தட்டில் ஊற்றி அங்கே தூக்கிக்கொண்டு ஓடும். ரம்ஜானுக்கு முஸ்லிம் வீட்டுத் தட்டுகள் வரிசையில் இருக்கும். காலையில் கடைக்கான பன்னெல்லாம் வெந்து வெளியே வந்தபிறகு, சூடு தணிந்த அடுப்பில் வீட்டுத் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். தட்டு மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைப்போம். ஒரு வீட்டார் கயிறு கட்டுவார்கள், நாங்கள் ஒரு மூலையை மடக்கி வைத்திருக்கிறோம். "பாய் அடுப்புல வெந்தா தனி ருசி" என்று எல்லாரும் சொல்வார்கள். விறகுச் சூடு, பாயின் கைராசி என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மகள் தட்டைக் கொண்டுபோய்ச் சுட்டு வந்தாள். பிஸ்கெட் பளபளவென்று இருந்தது. இவர் ஒன்றைக் கடித்து, "நல்லாத்தான் கீது" என்றார். டப்பாவில் போட்டு வண்டிக்குக் கொடுத்து அனுப்பினேன். அதிலிருந்து வாராவாரம் இதே வேலை. டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. நான் ஒரு வேளைக்கு ரெண்டு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் எத்தனை தின்றார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சக்கரை ஏறியிருந்தது. விரல் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. "அடுத்த வாட்டி இப்படியே வந்தா எடுத்துடுவோம்" என்றார் டாக்டர். நர்ஸ் என்னைப் பார்த்து, "வீட்டுல என்னதான்மா குடுக்கிறீங்க?" என்றார். என் சாப்பாட்டைக் குறை சொல்ல அந்த நர்ஸ் யார் என்று கோபம் வந்தது. ஆனால் கேட்டது சரிதான்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். முதலில் ஓட்ஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பிறகு சக்கரை டப்பாவைத் தட்டிச் சமமாக்கி, மேலே விரலால் ஒரு கோடு போட்டு மூடி வைத்தேன். யாராவது கை வைத்தால் கோடு கலைந்துவிடும். கலையவில்லை. பிறகு, இத்தனை நாள் அவருக்கென்று தொடாமல் வைத்திருந்த பிஸ்கெட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். இனித்தது. லேசாக இல்லை, கடையில் வாங்கியது மாதிரி இனித்தது.

"ஏண்டி, இது ஏன் இப்டி இனிக்குது?"

"ஆப்பிள் வெந்தா இனிக்கும்மா."

"இவ்ளோவா?"

"எனக்கு இன்னா தெரியும்? கெமிஸ்ட்ரியா படிச்சேன்?"

அவள் அப்பா செல்லம். அவர் முகம் வாடினால் இவளுக்குச் சோறு இறங்காது. கடையில் சக்கரை வாங்கி, வழியில் மாவில் கலக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த ஞாயிறு இருவரையும் சமையல்கட்டுக்குள் விடவில்லை. நானே வறுத்து, நானே துருவி, நானே பிசைந்தேன். பச்சை மாவை வாயில் போட்டுப் பார்த்தேன். இனிப்பே இல்லை, சாணித்தாள் மாதிரி இருந்தது. தட்டை அவளிடம் கொடுக்கும் முன் அவள் கைப்பையைத் திறந்து பார்த்தேன்.

"இன்னாம்மா இது, நான் இன்னா கஞ்சாவா கடத்துறேன்?"

"போய்ட்டு சீக்கிரம் வா."

சுட்டுக்கொண்டு வந்தாள். கடித்தேன். இனித்தது.

அதற்கடுத்த தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பேக்கரியில் பாய் என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, பொண்ணு வரலியா?" என்றார். கடையும் அவருடையது, அடுப்பில் நிற்பதும் அவர்தான். தட்டை வைத்துவிட்டுப் போங்கள், வெந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

"இங்கயே குந்திக்கிறேன் பாய்."

"சூடு அடிக்கும்கா."

"அடிக்கட்டும்."

மைதா மூட்டைமேல் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற பெண்களின் தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒவ்வொரு தட்டையும் மரத் துடுப்பில் ஏற்றும் முன் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்தார். முதலில் மாவு உதிர்க்கிறார் என்று நினைத்தேன். எங்கள் தட்டு வந்ததும் எழுந்து பின்னால் போய் நின்றேன். ஒரு கையில் பெயின்ட் பிரஷ், இன்னொரு கையில் டம்ளர். பிரஷ்ஷை நனைத்து பிஸ்கெட்டின் மேலெல்லாம் இழுத்தார். நான் டம்ளரில் விரலை விட்டு நக்கினேன். கெட்டியான சக்கரைப் பாகு.

"இன்னா பாய் இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "பாகுக்கா. வூட்லேந்து வர்ற எல்லா தட்டுக்கும் தடவுறதுதான்."

"யாரக் கேட்டு?"

"யாரும் கேக்க மாட்டாங்க. எங்க வாப்பா காலத்துலேந்து போட்டுகினு கீறோம். பாகு போடலன்னா பளபளப்பு வராது. அடுப்பு சரியில்ல, பாய் கரிச்சுட்டாருன்னு பேரு வந்துடும். இதுக்குன்னு காசும் வாங்குறதில்லக்கா. அதுவும் உங்க வூட்டு பிஸ்கெட்டு வறவறன்னு கீது. பாவமேன்னு ரெண்டு வாட்டி இழுப்பேன்."

"என் வூட்டுக்காரருக்கு சக்கர. காலு விரல எடுக்கணும்ன்றாங்க."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். பொண்ணு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். பாகு போடுகிறீர்கள் என்று நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கைராசி பாகில் இருந்தது என்பது அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பாய் எங்கள் தட்டிலிருந்த மாவை வழித்துத் தானே தூக்கிப்போட்டார். தட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். "வேற மாவு எடுத்துகினு வாங்க, சும்மாவே சுட்டுத் தர்றேன்" என்றார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்தது.

"யோவ், உனுக்குத் தெரியாதா?"

"இன்னா தெரியாதா?"

"அதுல சக்கர கீதுன்னு."

டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "புள்ள ஆசையா செஞ்சிது..." என்று இழுத்தார்.

"புள்ளைய இழுக்காத. எப்ப தெரியும்?"

"மொத நாளே."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ." டிவியை அணைத்தார். "டீய நிறுத்திட்டேன், நெஜமா. சோத்தக் கொறச்சிட்டேன். வரிசைல அந்த வெயில்ல குந்திகினு, கொஞ்சம் இனிப்பா அது ஒண்ணுதான்மே இருந்துது."

"வெரலு?"

"அது இருக்குற வரைக்கும் கீது."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மகள் என் பக்கம் திரும்பி, "அவர விட்டுட்டு என் பையத் தொறந்து பாத்த நீ" என்றாள்.

"பாத்தேன். இனிமேலும் பாப்பேன்."

அடுத்து வந்த நாட்களில் நானே தட்டைத் தூக்கிப் போனேன். துடுப்பு உள்ளே போகும்வரை பாயின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுட்டு வந்தது காய்ந்த மண் மாதிரி இருந்தது, நிறமும் இல்லை. எண்ணி, தாளில் மடித்துக் கொடுத்தேன். இவர் ஒன்றைக் கடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மண்ணு துண்ற மாதிரி கீது."

"துன்னு."

தின்றார். தினமும் என்னைத் திட்டிக்கொண்டேதான் தின்றார். நானும் பதிலுக்குத் திட்டினேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. சக்கரை இறங்கியிருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்தார். ஓரத்தில் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பு தெரிந்தது. விரலைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். "தெரியுது சார்." அழுத்தி, "வலிக்குதா?" என்றார். "வலிக்குது சார்." வலி தெரிந்தால் நல்லதுதான், இப்போதைக்கு எடுக்க வேண்டாம், இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது.

நான் நம்பவில்லை. முதல் கடியிலேயே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தின்ற ஆள் இவர். விரலைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்ல மாட்டாரா? டாக்டர் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டேதானே வலிக்கிறது என்றார்?

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு டிரெய்லர் போனது. அது எந்த கன்டெய்னர் யார்டு வண்டி, பின் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று இவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனியை நகத்தால் அழுத்திக் கிள்ளினேன்.

"யம்மா... ஏய், இன்னாடி பண்ற, உயிரு போவுது." காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிள்ளுனியா?"

"ஆமா."

"பைத்தியமா நீ?"

பஸ் வந்தது. அவரை முன்னால் ஏற்றினேன். புண்காலை ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார். அந்தச் சுளிப்பைப் பார்த்துக்கொண்டே நானும் ஏறினேன். உட்கார்ந்ததும் இன்னொரு தரம் கிள்ளிப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.