மண்டி மாடியில் ஞாயிறு வகுப்பு

ஆரோக்கியசாமி சார் போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே காலமானார். அவர் மனைவி லூர்து டீச்சர் போனில் சொன்னபோது நெல்லை அள்ளி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் அது வழிந்துபோனதே தெரியவில்லை.

நான் ஒரத்தநாட்டில் நெல் மண்டி வைத்திருப்பவன்; கல்லூரிப் படி ஏறாதவன். சார், பொது நிர்வாகம் கற்பித்த பேராசிரியர். ஓய்வுபெற்றதும், அரசுத் தேர்வு எழுதும் பட்டதாரிகளுக்கு வகுப்பு நடத்த என் மண்டி மாடியைக் கேட்டு வந்தார்.

"நீங்க பட்டம் குடுத்த புள்ளைங்கதானே சார், மறுபடி எதுக்கு வகுப்பு?" என்றேன்.

கோபப்படவில்லை. "நிர்வாகத்தைச் சொல்லிக் குடுத்தோம். மனுவோட நிக்கிற ஆளைச் சொல்லிக் குடுக்கலைங்க" என்றார்.

சம்பா அறுவடைவரைதான் என்று கறாராகச் சொல்லி மாடியைக் கொடுத்தேன். அவர் ஒரு வருடமும் காலி செய்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நேராக வருவார். ஒரு பிள்ளையை மேசையில் அதிகாரியாக உட்காரவைத்து, "மனுதாரரே, கோவமா வாங்க!" என்று என்னைக் கூப்பிடுவார். ஒருமுறை முதுகலையில் முதலிடம் வாங்கிய தமிழரசி உட்கார்ந்திருந்தாள்.

"கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லு மழையில முளைச்சுப்போச்சு. என்னம்மா பண்ணப்போறீங்க?" என்று கத்தினேன்.

அவள் எழுந்து நின்று, "நிர்வாகம் என்பது..." என்று ஆரம்பித்தாள். மாடியே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "அவர உக்காரச் சொல்லும்மா. எந்த ஊருன்னு கேளு."

சில மாதம் கழித்து அதே பெண், யாரிடம் முறையிடலாம், எந்த விதி எனக்குச் சாதகம் என்று நிதானமாகச் சொன்னாள். எனக்குக் கத்த வழியில்லை. "பாத்தீங்களா, பட்டம் வேலை செய்யுது" என்றார் சார். அப்படியொரு பெருமை.

மத்தியானங்களில் உமித்தூசு வெயிலில் மிதக்கும். வாய்க்கால் காற்று வரும். சட்டப்பிரிவுகளைப் பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பது மெல்ல இறங்கிவரும். கல்லாவில் கண் சொக்கிய எனக்கு, அடுக்கிய மூட்டைகளே படிப்பதுபோல் இருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் டீச்சர் வந்தார். பின்னால் பிள்ளைகள்.

"சம்பா வருதுங்க டீச்சர். எடம் வேணும்."

"வரட்டும் தம்பி. இவங்களுக்குத் தேர்வும்தான் வருது. இனி நான் எடுக்கிறேன்."

சாரை அறிந்து இதைப் படிக்கும் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் நினைவாக எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்படுவது அந்த மத்தியான முணுமுணுப்பை. ஆனாலும் நான் வியாபாரி; டீச்சரிடம் பேரம் பேசாமல் விடவில்லை. முடிவானது இது: தை, மாசியில் பாதி மாடி மூட்டைக்கு, பாதி வகுப்புக்கு. மற்ற மாதங்களில் முழுவதும் அவர்களுக்கு. வாடகை கிடையாது, கரண்ட் பில் டீச்சர் கட்டுவார்.