களப்பணிக்கு ஏற்றவர் அல்ல

என் இடது கால் போலியோவில் போனபோது எனக்கு நடக்கவே தெரியாது. அதனால் இழந்தது என்ன என்று எனக்குத் தெரிந்ததில்லை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் கரும்புக் கொல்லைக்குக் கூலி வேலைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. உடம்பைத் தவிர வேறு சொத்து இல்லாத வீட்டில் கால் விளங்காத பெண் இருந்தால் ஊரார் என்ன பேசுவார்களோ அதையெல்லாம் பேசினார்கள். அம்மா மட்டும், "இவ உக்காந்து செய்யற வேலைக்குப் போவணும். அதுக்குப் படிக்கணும், அவ்ளோதான்" என்று முடித்துவிட்டாள்.

படித்தேன். தேர்வு எழுதினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எங்கள் சாதிக்கும் ஒதுக்கீடு உண்டு என்பதால், "ஒரே ஆளுக்கு ரெண்டு கோட்டாவா?" என்று சேர்ந்த அன்றைக்கே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். வேலைக்குப் புதிதாக வந்தவள் வேறு என்ன செய்வாள்?

தலைமை எழுத்தர் நல்ல மனிதர். என் தடியையும் வாசல் படிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ எங்கியும் அலைய வேணாம்மா. தபால் பிரிவப் பாத்துக்கினு இங்கியே உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். டீ என் மேசைக்கே வரும். கழிப்பறை மட்டும் மாடியில் இருந்தது. அதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அலுவலகத்துக்கு வருகிற சுற்றறிக்கைகள் எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்கக் குழு வேண்டும் என்று ஒன்று வந்தது. சாய்தளம் கட்ட வேண்டும் என்று ஒன்று வந்தது. திருநங்கைகளை மரியாதையாக நடத்த வேண்டும் என்று பிறகொன்று. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி உள்ளே அனுப்புவேன். ஒரு நாடு தன் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வருவது எனக்குத் தபாலில் தெரிந்தது. போன காகிதங்கள் கோப்பில் போய்த் தூங்கின. சாய்தளம் வரவில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. புதுப் பலகைகள், புது நாற்காலிகள். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வருவாய் ஆய்வாளராகக் களத்துக்குப் போனார்கள். எங்கள் துறையில் அந்த ஆர்.ஐ. வேலையை முடித்தால்தான் துணை வட்டாட்சியர் ஆக முடியும். என் முறை வந்தபோது என் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். தலைமை எழுத்தரிடம் காரணம் கேட்டேன்.

"களப்பணிக்கு ஏற்றவர் அல்லன்னு போட்டோம்மா. உன் நல்லதுக்குத்தான். மலை மேல தூக்கிப் போட்டுட்டா இன்னா பண்ணுவ?"

"ஏறுவேன் சார்."

"வீம்பு புடிக்காத. இங்க உனக்கு இன்னா கொற?"

அவர் கேட்டதில் பொய் இல்லை. குறை என்று எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. திட்டினால் சண்டை போடலாம். பாவம் பார்க்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஊனத்தை மட்டும் காரணமாகக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக்கூடாது என்று புதுச் சட்டம் சொல்வதை ஏற்கெனவே வாசித்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் என்னைவிட வயதில் இளைய பெண். வாசித்து முடித்துவிட்டு, "உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

"இதுக்கு முன்னாடி போனவங்ககிட்ட இதக் கேட்டீங்களா மேடம்?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் அந்தத் தாளைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். சில வாரங்களில் ஆணை வந்தது. கல்வராயன் மலை. அது நியாயமா, பாடம் புகட்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன். வெள்ளிமலையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன். சாலை போகும் ஊர்களில் சிரமமில்லை. சாலை முடிகிற இடத்தில்தான் என் சோதனை காத்திருந்தது.

வனக்காவலர் வேலைக்குத் தேர்வாகியிருந்த ஒரு மலைப் பெண்ணுக்குப் பழங்குடி என்று சாதிச் சான்று உடனே வேண்டும். அவளுடைய ஊருக்கு நேரில் போய் விசாரித்து நான் அறிக்கை கொடுக்க வேண்டும். ஓடைக்கு முன்னாலேயே சாலை முடிந்துவிட்டது. அதற்கப்பால் ஏற்றம். அங்கே அந்தப் பெண்ணின் அம்மாவும், மூங்கில் கம்பில் போர்வையைக் கட்டிய டோலியோடு இரண்டு ஆண்களும் நின்றிருந்தார்கள்.

"ஏறிக்குங்க மேடம்" என்றார் ஒருவர்.

பிரசவ வலியில் துடிக்கிறவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் அப்படித் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி நடந்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. செம்மண் வழுக்கியது. மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் தடி நழுவி விழுந்தேன். கையெல்லாம் சேறு. களப்பணிக்கு ஏற்றவர் அல்ல என்று அவர்கள் எழுதியது சரிதானோ என்று அப்போது தோன்றியது.

அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் என் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க இன்னாத்துக்கு மேடம் ஏறி வரீங்க? இதுக்கு முன்னாடி ஒருத்தரும் வந்ததில்ல" என்றாள்.

"ஒருத்தரும்னா?"

"ஆர்.ஐ.ங்க யாருமே. கீழ டீக்கடையில உக்காந்துக்கினு எங்கள எறங்கி வரச் சொல்லுவாங்க. கேப்பாங்க, எழுதிக்குவாங்க, பூடுவாங்க."

நல்ல கால்கள் இருந்தவர்கள் யாரும் ஏறாத மலை. அதை ஏற முடியாது என்பதுதான் என்னை இத்தனை வருடம் தபால் பிரிவில் உட்கார வைத்த காரணம். கோபம் வந்தது. அதோடு, சேற்றில் உட்கார்ந்தபடியே, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. அந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"டோலியக் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன்.

மீதி வழிக்கு அதில்தான் போனேன். முகத்துக்கு மேலே வானமும் கடுக்காய் மரக் கிளைகளும் ஆடின. தூக்கியவர்களின் மூச்சு காதில் கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை எத்தனை முறை முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்! அரசாங்கம் செய்து தர வேண்டியதை, சாலைகூடக் கிடைக்காத இரண்டு பேர் தோளில் சுமந்தார்கள்.

ஊரே கூடியிருந்தது. வீட்டைப் பார்த்தேன். பெரியவர்களிடம் வம்சம், கொண்டான் கொடுத்தான் உறவு எல்லாம் விசாரித்தேன். சாமைச் சோறு போட்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நடக்கற டெஸ்டுல நான்தான் மேடம் மொதல்ல வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுடைய குரலில் இருந்த பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நேரத்துக்குச் சான்று கிடைத்தது. அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். அந்த ஊருக்குச் சாலை வேண்டும் என்று தனியாக எழுதி அனுப்பினேன். ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் வந்தது. ஏற்றம் அப்படியே இருக்கிறது. அதன்பிறகும் அது மாதிரி ஊர்களுக்குப் போனேன், முடிந்த இடத்தில் நடந்து, முடியாத இடத்தில் டோலியில். டீக்கடையில் வைத்து மட்டும் யாரையும் விசாரிக்கவில்லை.

களப்பணியை முடித்துத் துணை வட்டாட்சியராகக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன். அதற்குள் இடுப்பு தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த டாக்டர், "உக்காந்த எடத்து வேலையே இருந்திச்சேம்மா, எதுக்கு மலைக்குப் போனீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார். போகாமல் இருந்திருந்தால் இடுப்பு இன்னும் சில காலம் தாங்கியிருக்கும். அது உண்மைதான். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்தேன். அன்று ஒரு பட்டா விசாரணைக்காக மலையிலிருந்து ஆட்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. அவர்களைக் காக்க வைக்கக்கூடாது.