மைனி நீட்டாத கால்

பெரிய வியாழன் என்றாலே எனக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் இரைச்சல்தான் முதலில் காதில் விழும். புனேயின் போபோடியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீளமான அறை. அதுதான் எங்கள் சபை. கீழே சோளம் அரைபடும்போது மேலே நாங்கள் உட்கார்ந்திருக்கும் பாயும் சேர்ந்து அதிரும். வருஷத்தில் அந்த ஒரு நாள், திருவிருந்துக்கு முன்னால், நாங்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். ஆண்டவர் தம் சீஷர்களின் காலைக் கழுவிய பகுதியைப் பாஸ்டர் வாசித்து முடித்ததும் நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பில் எதிரில் இருப்பவரின் காலைக் கழுவித் துடைத்து, கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொல்வோம். மூலையில் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து வெந்நீர் வைப்பது மைனிதான். வெயில் கொளுத்தும்போது வெந்நீர் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "பச்சத் தண்ணியில கழுவுனா கடமைக்குக் கழுவுனதுட்டி. வெதுவெதுன்னு ஊத்துனாத்தான் அன்பு" என்பார்.

மைனி என் வீட்டுக்காரருடைய மூத்த அக்கா. திருநெல்வேலிப் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தபோது மைனி ஏற்கெனவே தனி ஆள். அவர் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், கட்கியில் தொழிற்சாலை வேலையில் இருந்து இறந்துபோயிருந்தார்; பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரர் கசார்வாடியில் லேத் பட்டறைக்குப் போவார். நான் கட்கி பஜாரில் ஒரு தையல் கடையில் ராணுவச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பேன். மைனிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் டொக்கென்று ஒரு தட்டு விழுந்தால் குழம்பு தயார் என்று அர்த்தம்.

சந்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மைனியின் கஞ்சித் தூக்குதான் முதலில் போய் நிற்கும். பிரசவம் ஆனவளுக்கு எண்ணெய் தேய்ப்பார், படுக்கையில் கிடக்கும் கிழவருக்கு நகம் வெட்டுவார், சாவு வீட்டில் குளிப்பாட்டுவார். "கை சும்மா இருந்தா மனசு பேச ஆரம்பிச்சிரும்ட்டி, அதான்" என்பார். ஆனால் தனக்கென்று ஒருவரையும் ஒன்றும் செய்ய விடமாட்டார். தலைவலிக்கு நான் தைலம் தேய்க்கப் போனால், கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கித் தானே தேய்த்துக்கொள்வார். ஒருநாள் ஏன் மைனி இப்படி என்று கேட்டே விட்டேன். "ஒருத்தர் கையால வாங்கிட்டோம்னா, அவிய வாசல்ல நம்ம நெழல் விழுந்துக்கிட்டே கெடக்கும்ட்டி" என்றார். அத்தான் இறந்த பிறகு சொந்தக்காரர் வீட்டில் ஒரு வருஷம் இருந்தவர். அங்கே யார் என்ன சொன்னார்களோ, அதை மட்டும் எங்களிடம் சொன்னதே இல்லை.

எங்கள் பாஸ்டர் பரிசுத்தமாகுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாதக்கணக்கில் அதையேதான் பேசுவார். சுயத்தை விட வேண்டும், எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்க வேண்டும். மைனி ஒவ்வொன்றாக விட்டார். முதலில் கம்மல். பிறகு கலர் சேலை. பிறகு டிவி. கடைசியாகக் காபி; அதற்கு மட்டும் கொஞ்சம் அழுதார். "இன்னும் என்ன இருக்கு எங்கிட்ட, விடுறதுக்கு?" என்று சிரிப்பார். எங்களுக்கும் ஒன்றும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை. பெரிய வியாழனன்று எல்லோர் காலையும் கழுவிவிட்டு, தன் முறை வரும்போது "தண்ணி ஆறிட்டுது, இருங்க" என்று ஸ்டவ் பக்கம் எழுந்துபோய்விடுவார். போனவர் ஆராதனை முடிகிற வரைக்கும் திரும்ப மாட்டார். என்ன தாழ்மை என்று சபையே மெச்சியது.

எதிர்வீட்டுக் காக்கு மட்டும் மெச்சவில்லை. காக்கு என்றால் மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி; சந்துக்கே அவர் காக்கு. மைனியின் வயதுதான். அவர் பேசுவது பாதி ஹிந்தி, பாதி மராத்தி. அதை என் தமிழில்தான் நான் சொல்ல முடியும். கிறிஸ்துமஸுக்கு மைனி கொண்டுபோய்க் கொடுக்கும் கேக்கையும் முறுக்கையும் வாசலில் நின்றே தின்று முடித்துவிட்டு, "உப்பு ஒரு கல் குறைவு" என்று சொல்லக்கூடிய ஆள். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து சங்கர்பாளி, அதுதான் சர்க்கரை போட்டுப் பொரித்த மைதாத் துண்டு, தட்டு நிறைய வரும். மைனி தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. காக்கு முகம் சுருங்கிப் போவார். ஆனால் அடுத்த வருஷமும் தட்டு வரும்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மைனிக்குச் சர்க்கரை இருந்தது; மாத்திரை நினைவு வந்தால் போடுவார். ஒரு மே மாதத்தில் திடீரென்று சாக்ஸ் போட ஆரம்பித்தார். காக்கு விடுவாரா? "அரே அக்கா, மே மாதத்தில் சாக்ஸா? நீ மட்டும் மகாபலேஷ்வர் மலையில் இருக்கியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். "கால் குளிருது, ஒனக்கென்ன" என்று மைனி கதவைச் சாத்திக்கொண்டார். நடை மாறிப்போனதை என் வீட்டுக்காரர் கவனித்துக் காலைக் காட்டச் சொன்னார், நானும் கெஞ்சினேன். "கர்த்தருக்குக் குடுத்தத திரும்ப எடுத்துப் பாக்கக் கூடாது" என்று எங்கள் வாயை அடைத்துவிட்டார். ஜெபக்கூட்டத்தில் காலுக்கு என்ன என்று பாஸ்டரே கேட்டார். "ஒப்புக்குடுத்தாச்சு பாஸ்டர்" என்றார் மைனி. அறை முழுக்க அல்லேலூயா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், ஒப்புக்கொடுத்தல் என்றால் என்னவென்று இந்தத் தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாஸ்டர் சொன்னபோது, மைனி சாக்ஸ் போட்ட காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பவுடர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ரயில்வே லைன் பக்கம் காய்கறிக் கூடையோடு மயங்கி விழுந்தவரை ரிக்‌ஷாக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் சாக்ஸுக்குள் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார். செருப்புக் கிழிந்து குத்திய சின்னப் புண்தான் அது. ஒரு மாதம் முன்னால் யாரிடமாவது காட்டியிருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாம் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பாஸ்டர் வந்தார். பைபிளைத் திறக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் பாத்திருக்கணும்மா. பாக்காம அல்லேலூயா சொல்லிட்டேன்" என்று அழுதார். மைனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் எங்களுக்குத் தெரிந்த மைனி இல்லை. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. சபையார் கஞ்சி கொண்டுவந்தால், "என்னத்துக்கு? நான் என்ன பிச்சையா கேட்டேன்?" என்று தூக்கைத் திருப்பி அனுப்பினார். நான் குளியலறையில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தரையில் நகர்ந்து நகர்ந்து தானே குளிப்பார். அந்தச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கால் போனதைவிட எனக்குப் பயமாக இருந்தது இதுதான். இந்த மனுஷி யாரையும் உள்ளே விடாமலே போய்விடுவாரோ? கடவுளையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டாரோ?

கணபதி கரைத்து முடிந்த வாரம் ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது மைனி குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தவர் காக்கு. தாழ்ப்பாள் இற்றுப்போன கதவு. ஒரே தள்ளில் திறந்துகொண்டதாம். உள்ளே நடந்ததை இரண்டு பேரும் பிறகு தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். மைனி ஈரச் சேலையைச் சுருட்டிக் காலின் மேல் போட்டுக்கொண்டு, "ஜாவ், ஜாவ்" என்று துரத்தியிருக்கிறார். காக்கு சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, அதே ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போக மாட்டேன். இத்தனை வருஷம் உன் கேக்கைத் தின்றேனா இல்லையா? என் வீட்டுச் சங்கர்பாளி ஒன்றையாவது நீ வாயில் வைத்தாயா? உன் தேவனுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியுமா? வாங்கவே தெரியாதா?"

காக்கு சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றினார், சோப்புப் போட்டார், முதுகு தேய்த்தார். வெட்டுப்பட்ட இடத்துக்கு வந்ததும் முகம் சுளிக்காமல், குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார்.

நான் வீடு திரும்பியபோது மைனி தலை சீவி, பவுடர் வாசனையே இல்லாமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை. "ஏட்டி, அவ அந்த எடத்துல கை வச்சா பாரு," என்றார். "மொதல்ல ஏன் தொட்டான்னு இருந்துச்சு. அப்புறம், கைய எடுத்திராத தாயேன்னு இருந்துச்சு." பிறகு, "நான் ஒப்புக்குடுத்தேன்னு சொன்னதெல்லாம் பொய்ட்டி. ஒளிச்சு வச்சேன். ஆண்டவரு எனக்குச் செஞ்சதையும் இப்படித்தான் வாசல்லயே நிப்பாட்டி ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிருக்கேன். உள்ள வாங்கவே இல்ல" என்றார். பாஸ்டர் வந்தபோது அவரிடமும் அதையே சொன்னார்: "இப்பத்தான் ஒப்புக்குடுக்கேன், பாஸ்டர்." யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

அதன் பிறகு கிடைத்தது கொஞ்ச நாள்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் மைனி வாங்கினார். வேலை நாளில் காக்கு ஊற்றுவார், ஞாயிற்றுக்கிழமை நான் ஊற்றுவேன். "இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துட்டி, என்ன கருமித்தனம்" என்று கேட்டு வாங்குவார். சபைப் பெண்கள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு உப்பைப் பற்றிக் குறை சொன்னார். அதைக் காக்குவிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். தீபாவளிக்குப் படைப்பதற்கு முன்பே உனக்குத் தனியாக முதல் ஈடு எடுத்து வைக்கிறேன், அப்போது உன் தேவன் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றார் காக்கு. பார்க்கலாம் என்றார் மைனி. தீபாவளி வருவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது அந்த மாவு மில் இல்லை. சபைக்கு நாற்காலி போட்ட ஹால் இருக்கிறது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறைய. பெரிய வியாழனன்று ஜீன்ஸை மடித்துவிட்டு மற்றவர் காலைக் கழுவ ஆசையாக முந்துகிறார்கள். தன் காலை நீட்டச் சொன்னால் கூச்சப்பட்டுப் பின்வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கழுவுகிறவர் குனிந்திருக்கிறார், அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கழுவப்படுகிறவருக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை. சுயம் என்பது கம்மலிலும் காபியிலும் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். அது அந்த நீட்டாத காலில் உட்கார்ந்திருந்தது. கிருபை அங்கேயும் வந்தது. வந்ததே என்று நன்றி சொல்கிறேன். ஆனாலும் அந்த மே மாதத்திலேயே அந்தச் சாக்ஸைக் கழற்றியிருந்தால் என்று நினைக்காமல் ஒரு வருஷமும் எனக்குக் கழிவதில்லை.

அடக்கத்தன்று காக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். பாஸ்டர் பேச எழுந்தார், பைபிளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சபை மூப்பர் ஒருவர் பேசினார். இந்தத் தாய் கஞ்சி கொடுக்காத வீடில்லை, கண்ணீர் துடைக்காத பிள்ளையில்லை, எல்லாருக்கும் ஊழியம் செய்து தன்னையே கொடுத்துவிட்டார் என்று தமிழில் நீளமாகப் பேசினார். எல்லாரும் அழுதோம். அவ்வளவும் உண்மை. காக்கு என் கையைச் சுரண்டினார்.

"என்ன சொல்கிறார்?"

"மைனி எல்லாருக்கும் எல்லாம் செய்தார்கள் என்று சொல்கிறார், காக்கு."

காக்கு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போட்டார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னைச் செய்ய விட்டாளே, அதைச் சொல்லலையா?"