நாற்பது குழாய்களும் ஒரு அயோடின் பாட்டிலும்

பூந்தமல்லி மஹ்ஜபீனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கைவேலை படுசுத்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ரசாயன ஆய்வகத்தில் ஆறு வருஷமாக லிங்கர் செய்கிறாள். நோயை வளர்க்கும் புரதத்தைப் பிடிக்க ஒரு மூலக்கூறு, செல்லுக்குள் குப்பை அள்ளும் ஆளைக் கூட்டிவர இன்னொன்று. இரண்டையும் கட்டிவைக்கும் நடுக்கயிறுதான் லிங்கர். நீண்டால் தொளதொளக்கும், குறைந்தால் எட்டாது. அதை அளவாகச் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அன்றைக்கு வந்தது வினை. மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த லிங்கரைச் சுத்திகரித்து, வடிந்ததை வரிசையாக நாற்பது குழாய்களில் பிடித்திருந்தாள். புது மேலாளர் கார்த்திகேசன் ஒவ்வொன்றிலும் ஒரு துளியெடுத்துத் தகட்டில் வைத்து, புற ஊதா விளக்கில் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

"எல்லாம் காலி. போன மாசம் வனஜா பண்ண அதே கூத்து. அவங்கள வேலைய விட்டு அனுப்பினேன்ல? நீங்களும் கெளம்ப வேண்டியதுதான்."

குழாய் கழுவும் ஜெகதாம்பாள் கூடையோடு வந்து நின்றாள். "இன்னாம்மா, ஊத்திட்டுக் கழுவிடட்டா?"

"கை வெச்சீங்க, அவ்ளோதான்! அப்டியே இருக்கட்டும்க்கா."

வேலை போய்விடுமோ என்ற பயம் மஹ்ஜபீனுக்கு இருந்தது உண்மை. குழாயில் சரக்கு இருக்கிறது என்பதில் மட்டும் துளி சந்தேகமில்லை.

"சார், இந்த மாதிரி லிங்கர் விளக்குல எந்தக் காலத்துலயும் தெரியாது. இங்க பாருங்க."

தகட்டை அயோடின் ஆவி நிறைந்த பாட்டிலுக்குள் இறக்கி மூடினாள். ஐந்து நிமிஷத்தில், பன்னிரண்டாவது குழாயின் துளியிலிருந்து இருபத்தாறாவதன் துளி வரை பழுப்புப் புள்ளிகள் எழும்பின. அம்மாடி, என்ன சுத்தம்!

"அட! நீங்க எங்கயும் போக வேணாம்மா," என்றார் கார்த்திகேசன்.

"சரி சார். வனஜா குழாயை இப்டிப் பாத்தீங்களா? நான் அப்போ தங்கச்சி நிக்காஹ்வுக்கு லீவு."

ஜெகதாம்பாள்தான் சொன்னாள்: "அவங்க குழாய நாந்தாம்மா கழுவுனேன். காஞ்ச குழாய்ல எண்ணெயாட்டம் பிசுக்கு இருந்திச்சி."

லீவு முடிந்து வந்ததும், வனஜாதான் சொதப்பிவிட்டாள் என்று மஹ்ஜபீனும் நம்பியிருந்தாள். அந்தப் பிசுக்கே லிங்கர்தான் என்று இப்போது புரிய, வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்து, ஆவடியில் இருக்கும் வனஜாவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேலாளர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார்."

"சொல்லு மஹ்ஜபீன்," என்றது வனஜாவின் குரல்.

"வனஜா, நான் கார்த்திகேசன். உங்க குழாய் காலியில்லம்மா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்," என்றார் அவர்.