பிராண்டே போகும் வழியில் பனியில் சிந்திய டீசல்

பனியைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், ஜனவரியில் பத்து நாள் லீவு எடுத்து யாழ்ப்பாணத்தில் இருந்து டென்மார்க் போனேன். அக்கா குடும்பம் ஹோர்சன்ஸில் இருக்கிறது. "கோடையில வாவன்" என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். உங்களுக்கும் யாராவது அப்படிச் சொன்னால் கேளுங்கள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. பிராண்டேயில் அத்தானின் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர், வழக்கமாக முக்கால் மணித்தியால ஓட்டம். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை இருந்ததால் நானும் அத்தானும் மட்டும் காலை 9.40க்கு அவருடைய பழைய டீசல் காரில் வெளிக்கிட்டோம். குளிர்கால ரயர்தான் பூட்டியிருந்தார்.

பெரிய வீதியில் பனியை வழித்து உப்புப் போட்டிருந்தார்கள். பயமே இல்லை. ஓரிடத்தில் லொறி ஒன்று குறுக்கே சிக்கி நின்றதால் வயல்களுக்கு நடுவே போகும் சின்ன வீதியில் திருப்பினோம். அங்கே யாரும் பனி வழிக்கவில்லை. நாற்பதில்தான் போனோம். ஒரு வளைவில் கார் திரும்ப மறுத்தது. அத்தான் ஸ்ரியரிங்கைத் திருப்புகிறார், கார் தன்பாட்டுக்கு நேரே போகிறது. "பிடி, பிடி!" என்று கத்தினார். எதைப் பிடிப்பது? அடியில் ஏதோ கல் 'டங்' என்று அடிக்க, வாய்க்காலுக்குள் சரிந்து நின்றோம். மணி 10.50.

இருவருக்கும் காயமில்லை. பத்து நிமிடத்தில், பக்கத்துப் பண்ணைக்காரப் பெண் ஒருவர் ட்ராக்டரில் வந்தார். அறுபது வயது இருக்கும். சங்கிலி கட்டிக் காரை மேலே இழுத்துவிட்டார். என்ஜினும் வேலை செய்தது. நன்றி சொல்ல நான் கையை நீட்டினேன். அவர் என்னைக் கவனிக்காமல் காருக்குப் பின்னால் போய் முழங்காலில் இருந்தார்.

அப்போதுதான் டீசல் மணம் வந்தது. டீசல் தாங்கி கிழிந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வெள்ளைப் பனியில் மஞ்சள் கறை அகன்றுகொண்டே போனது. பத்தடி தள்ளி ஒரு சின்ன ஓடை.

"கொஞ்சம்தானே. பனி மூடிப்போடும். வாரும், போவம்," என்றார் அத்தான்.

"ஓம் அத்தான், கெதியா வெளிக்கிடுவம். பொலிஸ் கிலிஸ் வந்தால் கரைச்சல்," என்றேன் நான்.

அந்தப் பெண் எழும்பி வந்து கார்த் திறப்பைப் பிடுங்கி என்ஜினை நிறுத்தினார். டேனிஷில் படபடவென்று ஏதோ கதைத்தார். அத்தானின் முகம் வெளிறிப்போனது.

"என்னவாம்?"

"இவ வீட்டுத் தண்ணி இந்த நிலத்துக்குக் கீழ இருந்துதானாம் வருது. வீட்டுக் கிணறு அந்தா, அந்த மரத்தடியில."

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணத்த நாட்களில், பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவள் நான். யாரோ கவனமில்லாமல் ஊற்றினான் என்று வாய் நிறையத் திட்டியவளும் நான்தான்.

"அத்தான், நாங்கள் போகேலாது," என்றேன்.

அவர் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம்... நானே அடிக்கிறன்," என்று 112 அவசர இலக்கத்துக்கு எடுத்தார்.

அந்தப் பெண் ஒழுகும் இடத்தில் பால் வாளியை வைத்தார். நாங்கள் இருவரும் அவர் தந்த மண்வெட்டிகளால் மஞ்சள் பனியை வாரி ஒரு பீப்பாயில் போட்டோம். என் விரல்கள் மரத்துப்போயின. இருபது நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. எங்களைத் திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் டீசலை உறிஞ்சும் துகளைத் தூவி, மேல் மண்ணையும் வெட்டி எடுத்தார்கள். ஓடைக்கோ கிணற்றுக்கோ எதுவும் போகவில்லை என்று சொன்ன பிறகுதான் அத்தான் மூச்சு விட்டார்.

இழுவை வண்டி காரைக் கொண்டுபோக, அந்தப் பெண்ணே எங்களைப் பிராண்டேயில் இறக்கிவிட்டார். சாப்பாட்டுக்குப் போனபோது மணி மூன்று. பிட்டும் கறியும் ஆறியிருந்தன.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு: தூரம் கூடினாலும் பெரிய வீதியை விடாதீர்கள். காரில் போர்வை, மண்வெட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்திருங்கள். வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். எண்ணெயோ டீசலோ சிந்தினால் என்ஜினை நிறுத்திவிட்டு 112க்கு எடுங்கள். கார் ஓடும் நிலையில் இருந்தாலும் போய்விடாதீர்கள்.

கார் வழுக்கிய பயம் அன்று மாலையே போய்விட்டது. "கெதியா வெளிக்கிடுவம்" என்று நான் எவ்வளவு இலகுவாகச் சொன்னேன் என்ற திகைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.