அளக்காமல் எழுதிய எண்

கெலுகோரில் அண்ணன் வீட்டு வாசலில் எட்டு விளக்குகள். கேட் தூண்களில் இரண்டு, கார் நிறுத்தும் கொட்டகையின் இரும்புக் கால்களில் நான்கு, செடிகளுக்கு நடுவே இரண்டு. தீபாவளிக்காக யாரோ ஓர் ஆளை வைத்து அண்ணன் போட்டவை. நான் அப்போது லைசென்ஸ் உள்ள வயர்மேன். வீடுகளின் வயரிங்கைச் சோதித்து, ஆபத்தில்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு.

அண்ணிதான் கூப்பிட்டார்.

"தம்பி, மழ பேஞ்சா அந்தக் கொட்டகக் கம்பியத் தொடவே பயமா இருக்கு. ஒரு தடவ வந்து டெஸ்ட் பண்ணி பேப்பர் குடுத்திரு. ஒங்க அண்ணன் நான் சொன்னா எங்க கேக்குறாரு?"

ஒரு சனிக்கிழமை கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் வேலையை முடித்துவிட்டு, ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனேன். வயரிங்கைச் சோதிக்கும் மீட்டரை வேலை இடத்திலேயே விட்டுவிட்டது, அண்ணன் வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போக அலுப்பு. விளக்குகளைப் போட்டுப் பார்த்தேன். எட்டும் எரிந்தன. மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்க வேண்டிய ஸ்விட்ச் உள்ளே இருந்தது, பழையது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுக்க கரண்ட் போய்விடும். அண்ணன் டிவியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தவில்லை.

சான்றிதழ் ஃபாரத்தில் மீட்டர் காட்டும் அளவை எழுத ஒரு கட்டம் உண்டு. அந்த வாரம் வேறொரு வீட்டில் கிடைத்த எண் நினைவில் இருந்தது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் மீட்டரோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அடுத்த வாரம் சுங்கை பாக்காப்பில் வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் மறந்தே போனது.

அண்ணி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தார். "இனிமே நிம்மதி லா" என்றார். அன்று மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிக் கொடுத்து, சாப்பிட்ட பிறகுதான் விட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் திடீரென்று மழை. கொட்டகையில் காய்ந்த துணிகளை எடுக்க அண்ணி வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். எட்டாத துணிக்காக இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு எம்பியிருக்க வேண்டும். சத்தம் கேட்டு அண்ணன் வந்தபோது அவர் ஈரத்தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியங்கள் முடிந்த மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். விளக்கைக் கழற்றிக் காட்டினார். இரும்புக் காலில் போட்ட துளையின் ஓரம் வயரை அறுத்திருந்தது. எர்த் வயர் எங்கும் இணைக்கப்படவில்லை. உள்ளே இருந்த ஸ்விட்ச் இறுகிப்போயிருந்தது. மீட்டர் இருந்து, அந்தப் பொத்தானையும் அழுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாமே தெரிந்திருக்கும்.

அண்ணன் உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். தம்பி சோதித்துக் கொடுத்தது, எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது என்று மலாயில் சொன்னார். மனைவியை இழந்து நின்ற அந்த நேரத்திலும் என்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அவர் குரலில் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். சோதனைக்குப் பிறகு யாரோ விளக்குகளைக் கழற்றி மாட்டியிருக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது.

"அண்ணே, நான் டெஸ்ட் பண்ணல."

"என்னா சொல்ற?"

"அன்னிக்கு மீட்டர் கொண்டாரல. நம்பர சும்மா எழுதுனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் உறையை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ ஒன்ன நம்பித்தானடா மழையில வெளிய போனா" என்றார். அதே விஷயத்தை அதிகாரியிடம் நான் மலாயில் சொன்னபோது அண்ணன் அங்கே இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.

லைசென்ஸ் போனது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணியின் முதல் வருடத் திவசத்துக்குப் போனேன். எனக்கும் இலை போட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"மக வீட்டு வாசல்ல லைட்டு போடுறாங்க. வெளிய உள்ளத தனியா டெஸ்ட் பண்ணச் சொல்லணுமா?"

"ஆமாண்ணே. கம்பி ஒண்ணொண்ணுக்கும் எர்த் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பொத்தான அழுத்தி ஸ்விட்ச் விழுறதக் காட்டச் சொல்லுங்க. அவன் அளக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க."

"நிக்கிறேன்" என்றார்.

நான் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் போனை வைத்துவிட்டார்.