புவெனவிஸ்தாவிலிருந்து ஓர் இணைப்பு

டெல்சா தகுயானை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஸ் கத்தரிக்கோல்தான். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துக்காரர்களுக்கு ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்காவிட்டால் சோறு இறங்காது; அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை அப்படி.

அந்த டயாலிசிஸ் நிறுவனத்துக்கு பனாய் தீவிலும் சுற்றியுள்ள சின்னத் தீவுகளிலும் கிளைகள் இருந்தன. எந்த ஊரில் எந்த நோயாளிக்கு ரத்தம் சுத்தம் செய்தாலும், விவரம் நகரத்து டேட்டாபேஸில்தான் ஏறவேண்டும். கிளைகளிலிருந்து வரும் இணைப்புகளையெல்லாம் முதலில் ஒரு சர்வர் வாங்கிக்கொண்டு, இரண்டு டேட்டாபேஸ்களில் எது ஓய்வாக இருக்கிறதோ அதன் பக்கம் திருப்பிவிடும். ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வரம்பு உண்டு. யார் உள்ளே இருக்கிறார், யார் திறந்துபோட்டுவிட்டுச் சும்மா கிடக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள் டெல்சா. வெளியே வரிசை சேர்ந்துவிட்டால், சும்மா கிடப்பவரை வெட்டிவிடுவாள். உள்ளே அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பெயர் தெரியும், ஊர் தெரியும், விரல் அசைகிறதா இல்லையா என்பது தெரியும்.

அவள் அதிகம் வெட்டிய பெயர் கிறிஸ்புலோ கலிம்பா. எதிர்த்தாற்போல் இருக்கும் கிமாராஸ் தீவில், புவெனவிஸ்தா கிளையின் குமாஸ்தா. காலையில் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார். திடீரென்று பாதியில் அப்படியே நின்றுபோகும். செவ்வாயும் வெள்ளியும் நிச்சயம். மற்றவர்களைச் சொல்லாமல் வெட்டுகிறவள், அவரை மட்டும் வெட்டிவிட்டு போன் போட்டுத் திட்டுவாள். அது எப்படியோ பழக்கமாகிவிட்டது.

“மனோங், மறுபடியும் தூங்கிட்டீங்களா? வெளிய இத்தனை பேரு நிக்கிறாங்க, நீங்க வாசல்ல குறுக்க படுத்திருக்கீங்க.”

“படுத்துதான் இருக்கேன், இந்தாய். பொய் சொல்வானேன்?” அந்தப் பக்கத்தில் மூத்தவர்களை அண்ணன், அக்கா என்கிற மாதிரி மனோங், மனாங் என்பார்கள்; இளம்பெண்களைச் செல்லமாக இந்தாய் என்பார்கள். டெல்சா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் அவருக்கு அவள் இந்தாய்தான்.

“ஆபீஸ்ல கட்டில் வேற போட்டுக் குடுத்திருக்காங்களா?”

“சாய்வு நாற்காலி. நல்ல மெத்தை. பக்கத்துல நர்ஸு. ராஜ வாழ்க்கை.”

“வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“கொஞ்சம் இருக்கு. வெட்டிட்டியா?”

“வெட்டியாச்சு.”

“சரி, அப்புறமா வர்றேன். கதவைத் திறந்து வை.”

சிரித்துவிட்டுத்தான் போனை வைப்பாள். ஒரு மே மாதம் படகுக்காரன் கையில் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். “ஒருநாள் வாயேன், இந்தாய். ஜன்னல்ல நின்னா தெரியுற ஊரு” என்பார். உண்மையில் தெரியும். பரோலா படகுத்துறையில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் அக்கரை வந்துவிடும். அவ்வளவு பக்கம் என்பதாலேயே அவள் போகவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாமே.

மழைக்காலத்தில் ஒரு வாரம் அவர் பெயர் வரவில்லை. லீவில் இருப்பார் என்று நினைத்தாள். மறுவாரம் திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. வந்ததோடு இல்லாமல் நிற்காமல் ஓடிக்கொண்டும் இருந்தது. டெல்சாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கிளைக்கே போன் போட்டாள்.

“என்ன மனோங், இன்னிக்குக் குறட்டைச் சத்தத்தையே காணோம்?”

மறுமுனையில் ஒரு பெண் குரல். “மேடம், நான் ஜோவிலின். புதுசா சேர்ந்திருக்கேன். மனோங் கிறிஸ்புலோ போயிட்டார், மேடம்.”

“எங்க போயிட்டார்?”

“இறந்துட்டார், மேடம். சனிக்கிழமை. எனக்கு இன்னும் தனி லாகின் பேர் வரல. அவர் பாஸ்வேர்டுலதான் அடிச்சுக்கிட்டிருக்கேன். தப்பா, மேடம்?”

தப்புதான். அந்த நொடியே வெட்டியிருக்க வேண்டும். டெல்சாவின் கை மவுஸ் மேல் அப்படியே கிடந்தது. “எப்படி?” என்று மட்டும் கேட்டாள்.

“டயாலிசிஸ்ல இருந்தவர்தானே மேடம். செவ்வாய், வெள்ளி. இங்கதான், கடைசி நாற்காலில படுத்திருப்பாராம். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

அன்று அவள் சாப்பிடவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருடைய எடையும் ரத்த அழுத்தமும் வாரம் இருமுறை அவள் கண்முன்னாலேயே கடந்து போயிருக்கின்றன, உள்ளே பார்க்க முடியாத இணைப்புக்குள்.

ஞாயிறன்று படகேறினாள். துக்கவீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஆண்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பெட்டி; அந்தப் பக்கத்தில் உடலைப் பதப்படுத்தி ஒரு வாரத்துக்கு மேலும் வீட்டில் வைத்திருப்பார்கள். கண்ணாடிக்கடியில் இருந்த முகம் அவள் மனதில் வைத்திருந்த முகமே இல்லை. தொப்பையும் மீசையுமாக ஒரு ஆளை நினைத்து வைத்திருந்தாள். இவர் ஒல்லியாக, கன்னம் ஒட்டி, கறுத்துப்போய் இருந்தார். முழுக்கைச் சட்டைக்குள், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி, இடது கை மட்டும் புடைத்திருந்தது. பெட்டிக்குள் இருப்பவர் யாரென்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை.

அவர் மனைவி நெனிதா, பிஸ்கட்டும் காப்பியும் வைத்த தட்டோடு வந்தாள். டெல்சா தன் பெயரைச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சண்டைக்காரி நீதானா? பேரு தெரியாது, குரல் தெரியும். ஊசி குத்தின கையை அசைக்கக் கூடாதுல்ல, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனாங். நான் வெட்டியிருக்க மாட்டேனே.”

“நான் சொல்லச் சொன்னேன். சண்டையே போட்டேன். ‘அந்தப் பொண்ணு உன்னைச் சோம்பேறின்னு நினைக்குது, மனுஷா’ன்னேன். ‘நினைக்கட்டும். என்னைச் சீக்காளின்னு நினைக்காத ஒரே ஆளு அதுதான், அதையும் கெடுத்துடாதே’ன்னார்.”

நெனிதா அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“ஆனா எனக்கு உம்மேல கோவம்தான் இருந்துச்சு” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நாற்காலி காலியாகுறப்போ போய்ப் படுத்தாகணும். அடிச்சுக்கிட்டிருக்குற வேலையைப் பாதியில விட்டுட்டுப் போவார். ஊசியைப் பிடுங்கினதும் தலை சுத்தும், வீட்டுக்கு வாய்யான்னா கேக்க மாட்டார். நீ அறுத்து விட்டதை முதல்லேருந்து அடிப்பார். அடிச்சுக்கிட்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வரும். அதை நினைச்சா இப்பவும் கோவம்தான். காப்பி ஆறுது, குடி.”

டெல்சா குடித்தாள். கிளம்பும்போது நெனிதா எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பக் கூடாது, அது ஆகாது. அது வழக்கத்துக்காகவா, கோபத்துக்காகவா என்று படகில் திரும்பும்போது டெல்சா யோசித்துக்கொண்டே வந்தாள். துக்கவீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாதென்பதால் படகுத்துறைப் பக்கத்து பச்சோய் கடையில் உட்கார்ந்தாள். நூடுல்ஸ் சூப்பைக் கடைக்காரி வைத்துவிட்டுப் போனாள். அது அப்படியே ஆறி எண்ணெய் படிந்தது.

மறுநாள் மேலாளர் ரெனானிடம் போனாள். “சர், நோயாளிகளே வேலை பாக்குற கிளைகளுக்காவது சும்மா இருந்தாலும் வெட்டாம விடுற நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாமா?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், டெல்சா. ஒருத்தருக்காகத் தளர்த்த முடியுமா?”

“அந்த ஒருத்தரும் இப்ப இல்ல, சர்.”

ரெனான் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் போதாது, புதிதாக வாங்க மேலிடம் சம்மதிக்காது என்றார். இறந்தவர் பெயரில் யாரோ உள்ளே இருப்பது தணிக்கையில் வந்தால் தன் தலை போகும், இன்றைக்கே எடுத்துவிடு என்றும் சொன்னார்.

ஜோவிலினுக்குப் புதுப் பெயர் போட்டாள். பழையதை நீக்க வேண்டுமென்றால் முதலில் இணைப்பை வெட்ட வேண்டும். திரையில் கலிம்பா ஓடிக்கொண்டிருந்தார்.

“ஜோவிலின், கையில இருக்குறதை முடிச்சுட்டுச் சொல்லு. அவசரமில்ல.”

“வரிசை சேர்ந்துடுமே, மேடம்?”

“சேரட்டும்.”

மற்ற கிளைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். ரெனான் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அந்தப் பெண், “முடிஞ்சுது, மேடம்” என்றாள். டெல்சா வெட்டினாள். பெயர் போயிற்று, அந்த இடத்தில் உடனே வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு யாரை வெட்டுவதானாலும் முன்னால் போன் செய்து கேட்டாள். பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது.

“வெட்ட வேண்டியதுதானே, மேடம். இதுக்கு எதுக்குப் போனு?” என்றான் அன்டிகே கிளைக்காரன் ஒருவன். “சிகரெட் பிடிக்கப் போயிருந்தேன்.”

“உடம்பு நல்லாத்தானே இருக்கு உனக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, அவனை வெட்டினாள்.